பிடிக்கிறவன் முட்டி

எங்கள் பக்கம் கபடி சீசன் பொங்கலில் தொடங்குகிறது. மாட்டுப்பொங்கல் இரவு முதல் ஆட்டம். அதிலிருந்து வைகாசி வரைக்கும் ஏதாவது ஒரு ஊரில் பந்தல் போட்டு, ஃபோகஸ் லைட் கட்டி, மைக்செட்டில் டீம் பெயர் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். இந்த வாரம் பாகூர் கொம்யூனில் ஒரு ஊர் என்றால் அடுத்த வாரம் கடலூர் மாவட்டத்தில் ஒரு ஊர், அதற்கடுத்து வில்லியனூர் பக்கம். புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே புதுச்சேரியும் தமிழ்நாடும் பழந்துணியில் ஒட்டுப் போட்ட மாதிரி மாறி மாறிக் கிடக்கும். பெட்ரோல் பங்க்கின் விலைப் பலகையைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று சொல்ல முடியும். கபடிக்கு அந்த எல்லையெல்லாம் கிடையாது. எங்கே கோப்பை வைத்தாலும் போவார்கள்.

ஆகவே மார்கழி எங்களுக்குக் கோலத்துக்கும் பாட்டுக்குமான மாதம் மட்டும் இல்லை. மழை விட்டு, தரை இறுகி, ஆறு மாதமாகச் சும்மா கிடந்த உடம்புகள் திடீரென்று களத்தில் இறங்குகிற மாதம். உள்ளே ஆடப்போகும் ஏழு பேர் யார், வெளியே துண்டோடு உட்காரப்போவது யார் என்று முடிவாகிற மாதம். அடிபடுகிற மாதமும் அதுதான். கோப்பைக்காக ஆடும்போது படுகிற அடியை ஊரே பார்க்கும். இடத்துக்காக ஆடும்போது படுகிற அடியை யாரும் பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது அடியைப் பற்றியது.

கபடி பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பாடிப் போகிறவனைத்தான் பார்ப்பார்கள். 30 விநாடி அவன் ராஜா. எங்கே தொடுவது, எப்போது திரும்புவது, போனஸ் கோட்டைத் தாண்டுவதா வேண்டாமா எல்லாம் அவன் முடிவு. பிடிக்கிறவனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அவன் காத்திருக்க வேண்டும். அதிலும் கார்னர் நிற்கிறவன் பாடு தனி. ரெய்டரின் கால் போனஸ் கோட்டை நோக்கி நீளும் அந்த ஒரு கணத்துக்காகக் குனிந்தபடியே நிற்பான். கால் வந்ததும் தரையோடு பாய்ந்து கணுக்காலைக் கட்டிக்கொள்வான். அவன் பாய்ந்த அரை நொடியில் பக்கத்திலிருக்கும் ‘இன்’னும் கவரும் மேலே வந்து விழ வேண்டும். வராவிட்டால் ரெய்டர் அவனையும் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைத் தொட்டுவிடுவான். வந்தாலோ மூன்று நான்கு பேரின் கனம் ஒரே இடத்தில் விழும். சில சமயம் அந்த இடம் கார்னரின் முட்டியாக இருக்கும்.

இதை நான் ஆடித் தெரிந்துகொள்ளவில்லை, எழுதித் தெரிந்துகொண்டேன். ஊரில் எனக்கு ஸ்கோர் ஷீட் எழுதுகிற வேலை. கம்ப்யூட்டர் படித்தவன் கூட்டல் கழித்தலைச் சரியாகப் போடுவான் என்ற நம்பிக்கையில் பதினைந்து வருடத்துக்கு முன்பு கொடுத்தார்கள், இன்னும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. வாரநாளில் சென்னைக் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே கோட் எழுதுகிறேன், சீசனில் சனிக்கிழமை இரவு ஸ்கோர் எழுதுகிறேன். மேசையிலிருந்து பார்க்கும்போது ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். பிடிக்கிறவனுக்கு விழும் மோசமான அடிகளில் பலவும் எதிரணி கொடுத்ததில்லை. காப்பாற்ற ஓடிவந்த சொந்த ஆளின் தோளும் இடுப்பும் கொடுத்தவை.

எங்கள் டீமில் இடது கார்னர் என் பெரியப்பா மகன். எனக்கு ஒரு வயது மூத்தவர். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஒன்பது சீசனாக அந்த மூலை அவருடையது. வலது கையில் இரண்டு விரல்கள் நேராக நீளாது. கணுக்காலைப் பிடித்துப் பிடித்து, நழுவி, மூட்டு விலகி, தானே இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி ஆடிய விரல்கள் அவை. ‘சோறு பிசைய ஒண்ணும் கஷ்டமில்ல’ என்பார். அவருடைய போனில் தர்மராஜ் சேரலாதனின் படம் இருக்கும். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். நாற்பது வயதைத் தாண்டி கார்னர் நின்று, 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குக் கேப்டனாக இருந்து புரோ கபடி கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். எந்த மாநிலத்துப் பையனாக இருந்தாலும் அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவான். ஊர் கார்னர்களுக்கெல்லாம் அவர் ஒரு வாக்குறுதி. நாற்பது வரைக்கும் இந்த மூலையில் நிற்கலாம் என்ற வாக்குறுதி.

அண்ணன் பக்கத்தில் ‘லெஃப்ட் இன்’ நிற்கிறவனுக்கு அப்போது 19 வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவனுக்குக் கபடி கற்றுக்கொடுத்ததே அண்ணன்தான். கார்னரும் இன்னும் கைகோத்துதான் நிற்பார்கள். ரெய்டர் வரும்போது இருவரும் ஒரே உடம்பு மாதிரி பின்வாங்கி, ஒரே உடம்பு மாதிரி முன்னே வர வேண்டும். நான்கு வருடம் அப்படிக் கைகோத்து நின்றவர்கள். அந்த மார்கழியில் அவன் கார்னர் கேட்டான். கேட்டதில் தப்பும் இல்லை. மாநில அணிக்குத் தேர்வு நடக்கும்போது பார்க்கிறவர்களின் கண் கார்னர்மேல்தான் போகும். மாநிலத்துக்காக ஒரு தடவை தேசியப் போட்டியில் ஆடிவிட்டால் அந்தச் சான்றிதழோடு விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். அண்ணனுக்கு அந்த வயது கடந்துபோயிருந்தது. அவனுக்கு அப்போதுதான் திறந்திருந்தது. மாஸ்டர் இரண்டு பேரையும் மாற்றி மாற்றி நிறுத்தினார். ‘பொங்கலுக்குள்ள சொல்றேன்’ என்றார்.

அந்த மார்கழி, 2024ஆம் வருட மார்கழி. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி பாகூர் கொம்யூனின் ஆற்றோர ஊர்களுக்குள் நுழைந்தது. தண்ணீர் போன பிறகு எங்கள் ஆடுகளத்தின்மேல் ஒரு சாண் வண்டல் படிந்திருந்தது. மேலே காய்ந்து ஓடு மாதிரி வெடித்திருக்கும், கால் வைத்தால் உள்ளே களி. மண்வெட்டியால் வழித்தார்கள், மணல் கொட்டினார்கள், டிராக்டர் டயரை உருட்டினார்கள். அப்படியும் ஓரங்கள் சமமாகவில்லை. ஓரம் என்றால் கார்னர் நிற்கிற இடம்.

வழக்கமாக ஆறு வாரம் கிடைக்கும் பயிற்சி மூன்று வாரமாகக் குறுகியது. ஆறு வாரத்துக்கான போட்டி அந்த மூன்று வாரத்துக்குள் நடந்தது. காலையில் ஓட்டம், மாலையில் ஆட்டம். பாதிப்பேர் வீட்டில் சேறு வழித்துவிட்டு, நனைந்த நெல்லைக் காயவைத்துவிட்டு வந்தவர்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு மாலை சின்னவன் கார்னரிலிருந்து பாய்ந்தான், இடது கால் வண்டலில் புதைந்து நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டதாக அவனே பிறகு சொன்னான். அன்றைக்கு அவன் சொன்னது ஒரே வார்த்தை: ‘சுளுக்கு.’

முட்டிக்குள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகக் கட்டிவைத்திருக்கிற தசைநார் ஒன்று உண்டு. டாக்டர்கள் ஏ.சி.எல். என்பார்கள். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. கீழெலும்பு முன்னால் நழுவாமல், முட்டி தவறான பக்கம் திருகிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அறுந்தால் சில மணி நேரத்தில் முட்டி வீங்கும். ஏமாற்றுவது அதற்கப்புறம் நடப்பதுதான். ஓரிரு வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும். நடக்கலாம், பைக் ஓட்டலாம், நேர்க்கோட்டில் மெதுவாக ஓடக்கூடச் செய்யலாம். நேராகப் போகிறவனுக்கு அந்த நார் இல்லாத குறை அவ்வளவாகத் தெரியாது. சட்டென்று நின்று திரும்பினால்தான் தெரியும். கபடியோ நின்று திரும்புவது மட்டுமே. கட்டு அறுந்த முட்டியோடு ஆடினால் ஒவ்வொரு தடவை அது நழுவும்போதும் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு நசுங்கும். நார் அறுந்ததை அறுவை சிகிச்சையில் புதிதாகக் கட்டலாம். நசுங்கிப்போன மெத்தையை முழுசாகத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அவன் எண்ணெய்க் கட்டு போட்டுக்கொண்டு ஐந்து நாள் வரவில்லை. ஆறாம் நாள் நீ-கேப் மாட்டிக்கொண்டு வந்தான். ‘சரியாயிடுச்சு மாஸ்டர்’ என்றான். ஓடிக் காட்டச் சொன்னார், நேராக ஓடிக் காட்டினான். மாட்டுப்பொங்கலுக்கு முந்தின நாள் மாஸ்டர் பட்டியல் வாசித்தார். இடது கார்னர் சின்னவன். அண்ணன் ‘இன்’.

ஊர்க் கபடியில் செமி ஃபைனல் வருவதற்கு விடிகாலை மூன்று மணி ஆகிவிடும். பனி இறங்கியிருக்கும். நடுவில் ஒரு மணி நேரம் வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்து உடம்பு ஆறிப்போயிருக்கும். அன்றைக்கும் அப்படித்தான். என் ஷீட்டில் 14-13 என்று இருந்தபோது எதிரணி ரெய்டர் இடது பக்கம் வந்தான், போனசுக்குக் காலை நீட்டினான். சின்னவன் பாய்ந்தான். கணுக்கால் கிடைத்தது, அண்ணன் மேலே விழுந்தார், ரெய்டர் அவுட். மைக்கில் கத்தினார்கள். நான் 15 என்று எழுதினேன். எல்லோரும் எழுந்தார்கள், ஒருவன் எழவில்லை.

இங்கே கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன். இதே கதையின் பெரிய பதிப்பு ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. 2022 புரோ கபடி சீசனுக்கு முன்பு தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. அதுவரை அந்த லீகில் யாருக்கும் கொடுக்கப்படாத தொகை. அக்டோபர் 8ஆம் தேதி பெங்களூரில் குஜராத்தோடு முதல் ஆட்டம். ரெய்டராக வாங்கப்பட்ட பவன், அடிபட்டது ரெய்டில் இல்லை. எதிரணியின் சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போனபோதுதான் முட்டி போனது. கோடி ரூபாய்க் காலானாலும் பிடிக்கப் போகும்போது அது பிடிக்கிறவன் கால்தான். சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. அவர் விட்ட இடத்தில் நரேந்தர் என்ற புதுப் பையன் வந்து 200க்கும் மேல் ரெய்டு பாயிண்ட் எடுத்தான். சாகர், சாஹில் குலியா, நம்மூர் அபிஷேக் என்று இளைஞர்கள் நின்ற பிடிவரிசை, தலைவாஸை முதல் தடவையாக அரையிறுதி வரைக்கும் கொண்டுபோனது. ஒருவரின் முட்டி இன்னொருவருக்கு வாசலாவது அங்கேயும் உண்டு.

பவனுக்கு என்ன ஆயிற்று? 2023 அக்டோபர் 7ஆம் தேதி, அடிபட்டு ஒரு வருடம் ஆக ஒரு நாள் இருக்கையில், ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியக் கேப்டனாகத் தங்கம் வாங்கினார். அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது. முட்டி அறுந்த பிறகு விலை ஏறியது. அவர் திறமைதான் காரணம், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு வருடம் அவர் ‘எனக்கு வலிக்கிறது’ என்பதை மறைக்க வேண்டியிருக்கவில்லை. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

என்னோடு ஆபீஸில் வேலை செய்யும் ஒரு அமெரிக்கர் அவர்கள் ஊர் ஃபுட்பால் பைத்தியம். காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்கிறது. அதில் லைன்பேக்கர் என்று ஒரு இடம். முன்வரிசைக்குப் பின்னால் குனிந்து நின்று, பந்தோடு வருகிறவனைப் படித்து, பாய்ந்து சாய்க்கிற ஆள். நம் கார்னரின் தூரத்துச் சொந்தம். கோடையில் பயிற்சி தொடங்கும்போது ஒரு அணியில் 90 பேர் இருப்பார்களாம், சீசனுக்கு முன்பு அது 53 ஆகச் சுருங்கும். ஒரே இடத்துக்கு நான்கைந்து பேர் மோதிக்கொள்ள, ஒருவருக்கு அடிபட்டால் அடுத்தவர் ஒரு படி மேலே. எங்கள் மார்கழியேதான். ஆனால் அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. அணிக்காக ஆடி அடிபட்டவனைச் சும்மா பட்டியலிலிருந்து வெட்டிவிட முடியாது. காயமடைந்தோர் பட்டியலுக்கு மாற்ற வேண்டும், அல்லது பணம் பேசித் தீர்த்து அனுப்ப வேண்டும். வீரர்கள் சங்கம் வைத்துப் போராடிக் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம் அது. அவ்வளவு இருந்தும் அங்கேயும் பலர் வலியை மறைக்கத்தான் செய்கிறார்கள் என்றார் நண்பர். எழுதிய ஒப்பந்தம் இருக்கிற இடத்திலேயே அப்படி. எங்களிடம் இருந்தது மாஸ்டரின் ஞாபகம் மட்டும்.

சின்னவனுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். நார் முழுதாக அறுந்திருந்தது, குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. நார் மார்கழியில் போயிருக்கும், மெத்தை பொங்கலில் கிழிந்திருக்கும் என்றார் டாக்டர். படத்தைப் பார்த்துச் சொன்னாரா, கதையைக் கேட்டுச் சொன்னாரா தெரியாது, ஆனால் அவன் தலையைக் குனிந்துகொண்டான். வெளியே தாழ்வாரத்தில் அவன் அம்மா அண்ணனிடம் கேட்டார்: ‘கூடவே கைபிடிச்சுனு நின்னியேப்பா, உனக்குத் தெரியலையா?’

அண்ணன் பதில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கிருமாம்பாக்கம் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி என்னிடம்தான் சொன்னார்.

‘தெரியும்டா. கை சொல்லிடும். முன்னல்லாம் பின்வாங்கும்போது என்னை இழுப்பான். அந்த வாரம் நான்தான் அவனை இழுத்துக்கினு போனேன். இடது கால்ல அவன் கனமே வெக்கல.’

‘அப்ப சொல்லியிருக்கலாமே?’

‘யார்கிட்ட? மாஸ்டர்கிட்ட போய், பையனுக்குக் கால் சரியில்ல, என்னை நிறுத்துங்கன்னா? அந்த வாரத்துல அதை நான் சொன்னா இன்னா நெனைப்பாங்க? சீட்டுக்காகச் சொல்றான்னு நெனைப்பாங்க. அவனே அப்படித்தான் நெனைப்பான்.’ டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ‘எனக்கே சந்தேகம்டா. அக்கறையில சொல்றேனா, ஆசையில சொல்றேனான்னு. அது தெரியாம எப்படிச் சொல்றது?’

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. அடிபட்டவன் மறைப்பான், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. வலியைச் சொன்னால் இடம் போய்விடும், இடம் போனால் சான்றிதழ் போய்விடும். 19 வயதுக்காரனின் கணக்கு அது, அவன் பக்கம் நின்று பார்த்தால் அதில் பிழையும் இல்லை. நான் யோசிக்காமல் இருந்தது அடுத்த பக்கத்தை. பார்த்தவனும் வாயை மூடிக்கொள்கிறான். கைகோத்து நிற்பவனைவிட அந்தக் காலைப் பற்றித் தெரிந்தவர் உலகத்திலேயே வேறு யாரும் இல்லை. ஆனால் அதே ஆள்தான் போட்டியாளர் என்கிறபோது அவர் சொல்லுகிற நிஜத்துக்கு மதிப்பு இல்லாமல் போய்விடுகிறது. போட்டி ஒருவனைப் பொய் சொல்ல வைக்கிறது, இன்னொருவனை உண்மை சொல்ல விடாமல் செய்கிறது. முன்னதைவிடப் பின்னது எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொன்னவனைக் கண்டித்துத் திருத்தலாம். வாயடைத்து நிற்கிற நல்ல மனுஷனை என்ன சொல்லித் திருத்துவது?

என் தொழிலில் இதற்கு ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. நடு ராத்திரியில் சர்வர் விழுந்தால் மறுநாள் உட்கார்ந்து என்ன நடந்தது என்று எழுதுவோம். அந்த அறிக்கையில் ஆளின் பெயரைப் போட்டுக் குற்றம் சாட்டக்கூடாது என்பது நல்ல டீம்களின் முதல் விதி. குற்றம் சாட்டினால் அடுத்த தடவை யாரும் எதையும் சொல்லமாட்டார்கள், சிஸ்டம் மறுபடி விழும், காரணம் தெரியாமலே விழும். இதை சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு முன்பே விமானக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1976 முதல் ஒரு ஏற்பாடு நடக்கிறது. விமானிகள் தாங்கள் செய்த, பார்த்த, மயிரிழையில் தப்பிய தவறுகளை ரகசியமாக எழுதி அனுப்பலாம். அனுப்புவது உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரமுள்ள விமானப் போக்குவரத்துத் துறைக்கு இல்லை, நாசாவுக்கு. நாசாவால் ஒரு விமானியின் வேலையைப் பறிக்க முடியாது. அதனாலேயே அதனிடம் சொல்லலாம். கேட்டுக்கொள்கிறவரும் தண்டிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் டீமில் வலியைக் கேட்டுக்கொள்கிறவர் யார்? மாஸ்டர். இடம் கொடுக்கிறவர் யார்? அவரேதான். பார்த்துச் சொல்லக்கூடியவர் யார்? அந்த இடத்துக்குப் போட்டி போடுகிறவர்.

சித்திரையில் கோயில் திடலில் டீம் கூட்டம் போட்டபோது இதைச் சொன்னேன். நாசா என்றதும் சிரித்தார்கள். பிறகு மாஸ்டரே, ‘நம்ம ஊருக்கு நாசா யாரு, அதைச் சொல்லு’ என்றார். பழைய ஆட்டக்காரர் ஒருவர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கவர் ஆடி, தோள்பட்டை போய், நிறுத்தியவர். மகன் கபடி ஆடவில்லை, மருமகன் ஆடவில்லை, யார் உள்ளே போனாலும் யார் வெளியே வந்தாலும் அவருக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. அவர் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்தோம். யாருக்கு எங்கே வலி என்றாலும் அவரிடம் சொல்லலாம், அடுத்தவனுக்கு வலி என்று தோன்றினாலும் சொல்லலாம். சொன்னது யார் என்று அவர் சொல்லமாட்டார். மாஸ்டரிடம், ‘இவனை மூணு நாள் நிறுத்து’ என்பார், காரணம் கேட்கக்கூடாது. இரண்டாவது விதி இன்னும் முக்கியம். அடிபட்டு வெளியே போனவன் தேறித் திரும்பி வரும்போது முதல் மூன்று ஆட்டத்துக்கு அவன் இடம் அவனுக்கே. அதற்கப்புறம் போட்டி.

இரண்டாவது விதிக்குத்தான் எதிர்ப்பு வந்தது. ‘அப்ப இடையில ஆடினவன் என்ன கேனையா?’ என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. அண்ணன்தான் பதில் சொன்னார்: ‘நாளைக்கு உன் கால் போனாலும் உன் இடம் இருக்கும்டா. அதுக்குக் குடுக்கிற வாடகைன்னு வெச்சுக்கோ.’

2025 மார்கழியில் நோட்டு முதல் முறையாக வேலை செய்தது. எட்டு பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் விரல், அடுத்தபடி தோள், இரண்டு முட்டி. ஒருவன் தினமும் போய், ‘ஒண்ணுமில்ல மாமா’ என்று சொல்லி அதையும் எழுத வைத்திருக்கிறான். நோட்டைக் கேலி செய்கிறானாம். பதினோராம் நாள் அவனே, ‘மாமா, தொடை பிடிச்சுக்குது’ என்றான் என்று கடைக்காரர் சொல்லிச் சிரித்தார். பத்துத் தடவை சும்மா வந்தவனுக்குப் பதினோராவது தடவை வருவது கஷ்டமாக இல்லை.

இது எல்லாவற்றையும் சரி செய்துவிடவில்லை. நோட்டின் அதிகாரம் எங்கள் ஊர் எல்லையோடு முடிந்துவிடும். மாநிலத் தேர்வுக்குப் போகிற பையனுக்கு அங்கே ஒரு நாள்தான், அந்த ஒரு நாளில் வலிக்கிறது என்று சொன்னால் மூன்று ஆட்டம் அவனுக்காக யாரும் காத்திருக்கமாட்டார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வயது வரம்பு உண்டு, அறுவை சிகிச்சைக்கு வரிசையில் நின்ற மாதங்களை அதில் யாரும் கழித்துக்கொள்வதில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் கபடியில் தங்கம் வாங்கினார்கள். தமிழ்நாடு அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. எங்கள் பையன்கள் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பார்க்கட்டும், சந்தோஷம்தான். ஆனால் அந்த மேடையை நோக்கி ஓடுகிற ஒவ்வொருவனும் வலியை மறைக்க ஒரு காரணத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு ஓடுகிறான். ஒரு நாற்பது பக்க நோட்டால் அதோடு எவ்வளவு தூரம் போட்டி போட முடியும்?

சின்னவனுக்கு மார்ச்சில் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. பின்தொடைத் தசைநாரை எடுத்து முட்டிக்குள் புது நாராகக் கட்டினார்கள். அந்தப் புது நார் உடம்போடு ஒட்டி, உயிர் பிடித்து, பலமாக மாதங்கள் ஆகும். 2016இல் நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஒரு ஆய்வு, ஒன்பது மாதம் வரைக்கும் திரும்பி வருவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டி மறுபடி அடிபடுவது பாதியாகக் குறைகிறது என்கிறது. அதை நான் தமிழில் எழுதி அவன் வீட்டுச் சுவரில் ஒட்டினேன். அவன் அதன் கீழே மாதங்களைக் கோடு கோடாகக் கிழித்துக்கொண்டு வந்தான். டிசம்பரில் ஒன்பதாவது கோடு விழுந்தது.

ஒன்பது கோடு மட்டும் போதாது. ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் தாண்டுகிறான் என்று அளக்க வேண்டும், அடிபட்ட கால் நல்ல காலில் நூற்றுக்குத் தொண்ணூறாவது தாண்ட வேண்டும் என்பது பிசியோதெரபி சொல்கிற கணக்கு. மாலையில் களத்தோரம் அண்ணன் தையல் டேப்போடு உட்கார்ந்திருப்பார். இந்தப் பொங்கலுக்கு இடது கார்னர் அவர்தான். விதிப்படி சின்னவன் தேறி வந்துவிட்டால் முதல் மூன்று ஆட்டம் அவர் எழுந்து கொடுக்க வேண்டும். அளக்கிற வேலையை வேறு யாராவது செய்யட்டும், போட்டியாளரே அளப்பது சரியில்லை என்று நானே சொன்னேன். பஞ்சர் கடைக்காரரும் அதையே சொன்னார். ஒத்துக்கொள்ளாதவன் சின்னவன்தான். ‘அண்ணன் அளந்தாதான் நான் தாண்டுவேன்’ என்றான்.

போன வாரம் நல்ல கால் 158 சென்டிமீட்டர், அடிபட்ட கால் 134. வகுத்தால் 85 வரும். அண்ணன் டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ‘இன்னும் எட்டு சென்டி’ என்றார். தொண்ணூறுக்கு 8.2 வேண்டும் என்றேன். ‘எழுதறவன் சொன்னா சரிதான்’ என்று சொல்லிவிட்டு, காலை உதறிவிட்டு மறுபடி கோட்டில் வந்து நிற்கச் சொன்னார்.